பராக்குப் பார்த்தால் 1,271 டாலர்

ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பில் ஜன்னல் வழியே பராக்குப் பார்த்தால் என்ன தண்டனை? நம் ஊர் வாத்தியார் என்றால் ஒரு குட்டோடு விட்டுவிடுவார். கனடாக்காரர்கள் நாகரிகமானவர்கள், குட்ட மாட்டார்கள். முப்பது வருஷம் பொறுமையாகக் காத்திருந்து, அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகி வேலைக்குப் போனதும் அவனுடைய வருமான வரிக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, அன்றைக்கு நீ பராக்குப் பார்த்தாயே, அதற்கு ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள்.

ஆண் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,271 டாலர் 49 சென்ட். பெண் பிள்ளைக்கு 924 டாலர் 25 சென்ட்.

கிண்டலுக்காக நான் கட்டிய கதை இல்லை இது. 2019 ஜூனில் ‘ஜாமா சைக்கியாட்ரி’ என்ற அமெரிக்க மருத்துவ ஆய்விதழில் அச்சான கணக்கு. கியூபெக் மாகாணத்தில் 1980, 1981ஆம் ஆண்டுகளில் பிறந்த 2,850 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஐந்தோ ஆறோ வயது நடக்கும்போது மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் ஆளுக்கொரு படிவம் நிரப்பி, குணத்துக்குக் குணம் புள்ளி போட்டார்கள். பிறகு 2013 முதல் 2015 வரை அவர்கள் அரசுக்குக் காட்டிய வருமானத்தை எடுத்து, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

அந்த 49 சென்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே ஆய்வு, உண்மைத் தொகை 634 டாலராகவும் இருக்கலாம், 1,908 டாலராகவும் இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறது. மும்மடங்கு இழுபறி உள்ள கணக்கில் சில்லறை மட்டும் பைசா சுத்தமாக எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாள்களில் வரும்போது அடைப்புக்குறி உதிர்ந்துவிடும், தொகை நிற்கும். ‘உங்கள் பிள்ளை பராக்குப் பார்க்கிறதா? எதிர்காலத்தில் எவ்வளவு இழக்கும் தெரியுமா?’ என்று பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைக்க அடைப்புக்குறி எதற்கு?

படிவத்தில் இருந்தவை இவை. கவனக்குறைவு என்ற தலைப்பின் கீழ்: மனம் ஒன்றாமை, சட்டென்று கவனம் சிதறுவது, கனவில் மிதப்பது, எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது. மூர்க்கத்தின் கீழ்: சண்டை, மிரட்டல், உதை, கடி, அடி. முரண்டு என்பதன் கீழ்: சொன்ன பேச்சு கேளாமை, கையிலிருப்பதைப் பகிர மறுப்பது, அடுத்தவன் மேல் பழி போடுவது, பிறரைப் பற்றிக் கவலைப்படாமை, சிடுசிடுப்பு. இவை போகத் துறுதுறுப்பு, எதற்கெடுத்தாலும் கலங்கி அழுவது, கடைசியாக உதவும் குணம்.

துறுதுறுப்பும் அழுகையும் பிழைத்தன. வருமானத்தோடு அவற்றுக்குத் தனித் தொடர்பு தென்படவில்லை. மூர்க்கமும் முரண்டும் சேர்ந்து ஆண் பிள்ளைக்கு ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 700 டாலர் நட்டம். சண்டையை விலக்கிவிடுவது, ஒதுங்கி நிற்கும் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது, அடிபட்டவனைத் தூக்கிவிடுவது ஆகிய உதவும் குணத்துக்கு ஒரு புள்ளிக்கு 476 டாலர் லாபம். ஆண் பிள்ளைக்கு மட்டும்தான்.

பெண் பிள்ளை உதவினால்? ஒன்றும் இல்லை. பெண்கள் கணக்கில் கவனக்குறைவு ஒன்றைத் தவிர வேறெந்தக் குணமும் சம்பளத்தோடு சேர்ந்து வரவில்லை. ஆறு வயதுப் பையன் இருவருக்கு நடுவே புகுந்து சண்டையை விலக்கினால், வளர்ந்தபின் அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயரும் கூடவே கொஞ்சம் பணமும் வரும். அதையே ஒரு சிறுமி செய்தால், பெண் பிள்ளை வேறெப்படி இருப்பாள் என்று உலகம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அவளுடைய அன்பு இலவசம். வீட்டில் இலவசம், வகுப்பில் இலவசம், முப்பது வருஷம் கழித்து வரி அலுவலகத்திலும் இலவசம்.

இன்னொரு எண்ணும் அந்த ஆய்வில் இருக்கிறது. தலைப்புச் செய்திகளில் அதைப் பார்க்க முடியாது. வளர்ந்துவிட்ட அந்த ஆண்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 33,300 டாலர். பெண்களின் சராசரி சுமார் 19,400. வித்தியாசம் 13,900. ஒரு சிறுமி பதினைந்து புள்ளிக்குப் பராக்குப் பார்த்தாலும் இந்த நட்டத்தை எட்டிப் பிடிக்க முடியாது. பிள்ளை பெற்ற விடுப்பு, பாதி நேர வேலை, இந்தத் தொழிலுக்கு இவ்வளவுதான் கூலி என்று இதற்குக் காரணங்கள் அடுக்கப்படும். சரி, அந்தக் காரணங்களில் எதை அந்த ஆறு வயதுப் பெண் செய்தாள்? எல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு. ஆயினும் கோளாறு என்ற சொல் ஜன்னலைப் பார்த்த சிறுமியின் பெயருக்கு எதிரேதான் எழுதப்பட்டிருக்கிறது. 13,900 டாலருக்கு எதிரே யார் பெயரும் எழுதப்படவில்லை.

ஆய்வாளர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. அறிவுத்திறனையும் குடும்பத்தின் கஷ்டநிலையையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிறுவவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கண்டுகொண்டு உதவ வேண்டும் என்றுதான் முடிக்கிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் படிவம் என்பது எப்போதும் மேலேயிருந்து கீழே பாயும் பொருள். ஆசிரியர் பிள்ளையைப் பற்றி நிரப்புவார். பிள்ளை ஆசிரியரைப் பற்றியோ, ஆசிரியர் அமைச்சரைப் பற்றியோ நிரப்பிய படிவம் எதுவும் வரிக் கணக்கோடு ஒப்பிடப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நாமே தீர்த்துவைப்போம். அதே படிவம், அதே கேள்விகள், ஆட்கள் மட்டும் கொஞ்சம் வயதானவர்கள்.

முதல் கேள்வி: கையிலிருப்பதைப் பகிர மறுக்கிறாரா?

கோவிட் தடுப்பூசி வந்த காலம். தன் மக்கள்தொகைக்குப் பல மடங்கு டோஸ்களுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்த நாடு கனடா. 2021 பிப்ரவரியில், ஏழை நாடுகளுக்கும் ஊசி போய்ச் சேர வேண்டும் என்று உருவான கோவாக்ஸ் திட்டத்தின் முதல் பங்கீட்டுப் பட்டியல் வெளியானது. உலகின் ஏழு பெரும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஜி7 கூட்டத்திலிருந்து அந்தப் பட்டியலில் தட்டை நீட்டிய ஒரே நாடும் கனடாதான். விதிப்படி எங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். உண்டு, விதியில் இருந்தது. மழலையர் வகுப்பில் தன் பெட்டி நிறைய கிரேயான் வைத்துக்கொண்டு பொதுப் பெட்டியிலும் கைவிடும் பிள்ளைக்கு ‘அடிக்கடி’ என்ற கட்டத்தில் டிக் விழும். 35 வயதில் அவன் வருமானம் என்ன ஆகும் என்று கியூபெக்கில் கணக்கே இருக்கிறது. நாட்டுக்கு அந்த அட்டவணை கிடையாது.

இரண்டாம் கேள்வி: அடுத்தவர் மேல் பழி போடுகிறாரா?

2008 அக்டோபரில் லேமன் பிரதர்ஸ் வங்கியின் தலைவர் ரிச்சர்ட் ஃபுல்ட் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து உட்கார்ந்தார். 158 வருஷத்து நிறுவனம் அவர் கையில் மூழ்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பொறுப்பேற்கிறேன் என்று மரியாதைக்கு ஒரு வரி சொன்னார். அதன் பிறகு வதந்தி பரப்பியவர்கள், பங்கு விலையைச் சரித்து விளையாடியவர்கள், சந்தையில் எழுந்த பீதி என்று வரிசையாக ஆட்களைக் காட்டினார். கிட்டத்தட்ட 50 கோடி டாலர் சம்பாதித்தீர்களே, இது நியாயமா என்று குழுத் தலைவர் கேட்டார். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த எண் தவறு, அவ்வளவு இல்லை என்று தன் கணக்கைச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் 30 கோடியைச் சற்றே தாண்டியது. அடுத்தவன் மேல் பழி போடும் ஆறு வயதுப் பையன் ஆண்டுக்கு 700 டாலர் இழப்பான் என்கிறது விலைப்பட்டியல். பழி போடுவதற்கும் சரியான உயரத்தில் நாற்காலி வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் கேள்வி: சொன்ன பேச்சு கேட்கிறாரா, எடுத்ததை முடிக்கிறாரா?

இதற்கு ஓர் ஆசிரியர் கைப்பட எழுதிய அறிக்கையே இருக்கிறது. 1982 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி விடுதி ஆசிரியர் மார்ட்டின் ஹாமண்ட், ஒரு மாணவனின் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். பையன் பாடத்தில் வெட்கங்கெட்ட அலட்சியம் காட்டுகிறான், அதைச் சுட்டிக்காட்டினால் அவனுக்குக் கோபம் வருகிறது, மற்ற எல்லோரையும் கட்டும் கடமைகள் தன்னைக் கட்டாது என்று அவன் மனதார நம்புகிறான் என்பது அதன் சாரம். கவனக்குறைவு, முரண்டு, பிறரைப் பற்றிக் கவலையின்மை என்று அத்தனை கட்டத்திலும் டிக். பையனுக்கு அப்போது 17 வயது. மழலையர் வகுப்பில் திருந்தியிருக்க வேண்டியது திருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பையனின் பெயர் போரிஸ் ஜான்சன். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனான். உணவகங்களை அடித்து நொறுக்கிவிட்டுச் சேதத்துக்குப் பணத்தை வீசுவதில் பேர்போன புல்லிங்டன் கிளப்பில் சேர்ந்தான். அந்தக் கிளப்பின் அதே கும்பலில் டேவிட் கேமரனும் இருந்தார். நாளைய பிரதமர்கள் இருவர் ஒரே புகைப்படத்தில் வால் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இனி மரியாதையாக அவர் என்போம், பெரிய மனிதர் ஆகிவிட்டார். பத்திரிகை வேலையில் சேர்ந்தார். இல்லாத மேற்கோளை இட்டுக்கட்டியதற்காக ‘டைம்ஸ்’ அவரை வேலையை விட்டு அனுப்பியது. பிறகு இன்னொரு நாளிதழில் வாரம் ஒரு பத்தி எழுத ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு. லண்டன் மேயராக இருந்துகொண்டே வாங்கிய இந்த உபரி வருமானத்தைப் பற்றி 2009இல் தொலைக்காட்சியில் கேட்டபோது, அதெல்லாம் ஒரு காசா என்கிற தோரணையில் பதில் சொன்னார். கியூபெக் ஆய்வு வெளியானது 2019 ஜூனில். அடுத்த மாதமே இவர் பிரிட்டனின் பிரதமர். ஊரடங்கு விதியைத் தானே போட்டுவிட்டு, அதைத் தானே மீறியதற்காக 2022இல் போலீஸிடம் அபராதமும் கட்டினார். மார்ட்டின் ஹாமண்டின் அறிக்கையில் ஓர் எழுத்துகூடப் பொய்யாகவில்லை. நிரப்பப்பட்ட படிவங்களிலேயே துல்லியமான படிவம் அது. சம்பளம் மட்டும் அட்டவணைக்கு அடங்காமல் எதிர்த்திசையில் ஏறிவிட்டது.

ஒரு போரிஸை வைத்துப் பொதுவிதி பேசலாமா என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பிரிட்டனிலேயே ஆயிரக்கணக்கான பேரை வைத்துப் போட்ட கணக்கு உண்டு. 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை அந்த நாடு வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. 11 வயதில் அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளை, பின்னாளில் அவர்கள் வாங்கிய சம்பளத்தோடு பொருளாதார அறிஞர் நிக்கலஸ் பாப்பஜார்ஜும் அவருடைய சகாக்களும் பொருத்திப் பார்த்தார்கள். அடிதடி, அடாவடி ரகக் குணம் படிப்பைக் குறைக்கிறது. ஆனால் சம்பளத்தைக் கூட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் தொல்லையாக இருந்த அதே குணம் சந்தையில் சரக்காகிவிடுகிறது. கியூபெக்கில் நட்டம், பிரிட்டனில் லாபமா என்றால், வயது வேறு, அளந்த விதம் வேறு. அறிஞர்கள் அதை அடித்துக்கொள்ளட்டும்.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்த லாபம் எல்லோருக்கும் இல்லை. வறுமையில் வளர்ந்த பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது உபரிச் சம்பளம் காணாமல் போனது. அடாவடி அதே அடாவடிதான். படிப்பு கெடுவது இருவருக்கும் பொது. ஆனால் பணக்கார வீட்டுப் பையனுக்கு அதற்கு ஈடாகச் சம்பளம் வருகிறது, ஏழை வீட்டுப் பையனுக்கு வருவதில்லை. இருக்கிறவன் பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி நின்றால் துணிச்சல், எதிர்காலத் தொழிலதிபர். இல்லாதவன் பிள்ளை ஏறி நின்றால் திமிர், எதிர்காலக் கேடி. வீட்டில் நாலு காசு இருந்தால் சேட்டை முதலீடு. இல்லையென்றால் வழக்கு.

இனி, அந்தப் படிவத்தை நிரப்பும் கண்ணைப் பற்றி.

கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரே வகுப்பில் சேரப் பிறந்த நாள் வரம்பு டிசம்பர் 31. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில். இடையே கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். ஆறு வயதில் ஒரு வயது என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஆறில் ஒரு பங்கு. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்களுக்குக் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு என்று மருத்துவர் முத்திரை குத்தும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். மாத்திரையும் அந்த வரிசையிலேயே. பிள்ளைக்கு வந்த வியாதியின் பெயர் டிசம்பர். அம்மா இன்னும் பத்து நாள் தாமதமாகப் பெற்றிருந்தால் தானாகக் குணமாகியிருக்கும்.

அமெரிக்காவுக்கு வந்தால் கதை இன்னும் கேவலம். அங்கே பள்ளியில் சேருமுன் போகும் பாலர் பள்ளியிலேயே பிள்ளைகளை இடைநீக்கம் செய்கிறார்கள். நாலு வயதுக் குற்றவாளிகள்! கூட்டாட்சிக் கல்வித் துறை 2014இல் வெளியிட்ட புள்ளிவிவரம்: பாலர் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தவர் 18 சதவீதம். ஒருமுறைக்கு மேல் இடைநீக்கம் பெற்றவர்களில் 48 சதவீதம். கறுப்புப் பிள்ளைகள் அவ்வளவு முரடர்களா என்று யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழு ஒரு சோதனை வைத்தது. ஆசிரியர்களுக்குச் சில பிள்ளைகள் விளையாடும் வீடியோவைக் காட்டி, தகாத நடத்தை வரப்போகிறது, கவனித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களுடைய கண்பாவை எங்கே போகிறது என்று ஒரு கருவி அளந்துகொண்டிருந்தது. கண்கள் அதிக நேரம் மொய்த்தது கறுப்பினப் பையன் மேல். வீடியோவில் தகாத நடத்தை எதுவுமே கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காக விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கண்கள் நிரப்பும் படிவத்தைத்தான் முப்பது வருஷம் பத்திரப்படுத்திச் சம்பளச் சீட்டோடு ஒட்டிப் பார்க்கிறோம்.

மிட்டாய்ச் சோதனையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஒரு மார்ஷ்மெல்லோவைப் பிள்ளை முன் வைத்து, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் வைத்த சோதனை. பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் பொளந்து கட்டினார்கள் என்று உலகமெல்லாம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடை ஏறிப் பிழைத்தார்கள். 2018இல் பெரிய எண்ணிக்கையில் அதைத் திரும்பச் செய்து, குடும்பப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மிட்டாயின் மகிமையில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்து போனது. அதற்கு முன்பே ரோச்செஸ்டரில் இன்னொரு சோதனை செய்திருந்தார்கள். சற்று முன் வாக்குத் தவறிய பெரியவர் மிட்டாயை வைத்துவிட்டுப் போனால் பிள்ளைகள் சுமார் மூன்று நிமிஷத்தில் தின்றுவிடுகின்றன. வாக்குக் காப்பாற்றியவர் என்றால் பன்னிரண்டு நிமிஷம் காக்கின்றன. கூலி தருவேன் என்ற அப்பாவின் முதலாளி தரவில்லை, குழாயில் தண்ணீர் வரும் என்ற மேயர் விடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை கிடைத்ததை உடனே வாயில் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் சுயக்கட்டுப்பாடு இன்மையாம். எனக்கென்னவோ அதுதான் அறிவு என்று படுகிறது.

இவ்வளவு வசை பாடுகிறாயே, பிள்ளைகளை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். விடச் சொல்லவில்லை. கியூபெக்கிலேயே விடாமல் செய்து காட்டியிருக்கிறார்கள். 1980களில் மொன்ட்ரியால் நகரின் ஏழைப் பகுதிகளில், மழலையர் வகுப்பில் அடங்காப்பிடாரிகள் என்று பெயரெடுத்த பையன்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். கோபத்தை எப்படி ஆற்றுவது, ஆட்டத்தில் எப்படிச் சேர்வது, சண்டையில்லாமல் எப்படிக் கேட்பது என்று இரண்டு வருஷம் பழக்கினார்கள். பெற்றோருக்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பையன்கள் நாற்பதை நெருங்கும்போது அரசுப் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் ஆண்டுச் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகம். அரசின் உதவித்தொகையை நம்பியிருந்தது ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. படிப்பு கூடியது, குற்றம் குறைந்தது, கல்யாணமும் ஆனது. ஒரு டாலர் செலவுக்குச் சுமார் 11 டாலர் பலன்.

நல்ல செய்தி. எனக்கு எரிச்சல் அந்தக் கடைசி வாக்கியத்தில். ஒரு பிள்ளைக்குக் கோபத்தை ஆற்றச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால், அது ஒன்றுக்குப் பதினொன்றாகத் திரும்பும் என்று நிதித் துறைக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாகத் திரும்பினால்? முக்காலாகத் திரும்பினால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இருக்கட்டுமா? 2008இல் வங்கிகளைக் கைதூக்கிவிட்டபோது அந்த முதலாளிகள் மழலையர் வகுப்பில் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எவனும் பதிவேட்டைப் புரட்டவில்லை. ஆறு வயதுக்காரன் மட்டும் தான் லாபம் தரும் ஜந்து என்று முதலில் காட்டிவிட்டுத்தான் அன்பை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. இங்கே பள்ளியை விட்டுப் போகும் எந்தப் பிள்ளைக்கும் டி.சி.யில் ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு வரி உண்டு. எல்லாருக்கும் ‘நன்று’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பாக்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளையை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்லியாகிவிட்டது. பிரம்பு மேசைக்கு அடியில் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

கியூபெக்குக்கே திரும்புவோம். குழந்தையின் நடத்தைக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பை அந்த மாகாணம் 2019இல் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு எழுபது வருஷம் முன்பே கண்டுபிடித்துத் தொழிலாகவே நடத்தியது. 1940கள், 50கள். முதலமைச்சர் மொரிஸ் டுப்ளெஸ்ஸி. கத்தோலிக்கத் துறவற சபைகள் அநாதை இல்லங்களை நடத்தின. உள்ளே இருந்த பிள்ளைகளில் பலர் அநாதைகள்கூட இல்லை, கல்யாணமாகாத தாய்மார்களுக்குப் பிறந்தவர்கள், அவ்வளவுதான். அநாதைப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1 டாலர் 25 சென்ட் மானியம். மனநோயாளிக்கு 2 டாலர் 75 சென்ட். கணக்கு தெரிந்தவர்களுக்கு இது போதாதா? ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மனவளர்ச்சி குன்றியவர், மனநோயாளி என்று பொய்ச் சான்று எழுதப்பட்டது. சிலரை மனநோய் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். சில இடங்களில் பிள்ளைகளை நகர்த்தும் சிரமம்கூட இல்லை, அநாதை இல்லத்தையே மருத்துவமனை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மொன்ட்ரியாலின் மோன் ப்ரொவிதான்ஸ் அப்படி மாறிய இடம். பாடம் நின்றது. பிள்ளைகள் வேலைக்காரர்கள் ஆனார்கள். கட்டிப்போட்டார்கள், மயக்க மருந்து கொடுத்தார்கள், அடித்தார்கள், வன்புணர்ந்தார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல், மனநோயாளி என்ற சான்றோடு வெளியே வந்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? நடத்தைச் சீட்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? சீட்டை எழுதிய கைக்கு நாளுக்கு ஒன்றரை டாலர் உபரி. எழுதப்பட்ட பிள்ளைக்கு ஆயுள் நட்டம்.

1999இல் முதலமைச்சர் லூசியன் பூஷார் மன்னிப்புக் கேட்டார். 2001இல் அரசு இழப்பீடு அறிவித்தது. ஆளுக்கு 10,000 டாலர், அதோடு பொய்யாக அடைத்து வைத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 1,000 டாலர். மனநோயாளி என்று பொய் சொல்லி ஒரு பிள்ளையைப் பூட்டி வைத்த ஒரு முழு வருஷத்துக்கு 1,000. அதே மாகாணத்தில் ஜன்னல் வழியே பராக்குப் பார்த்த ஒரு புள்ளிக்கு 1,271.

பணத்தை வாங்கிக்கொண்டவர்கள், இனி திருச்சபை மேல் வழக்குப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கியூபெக்கின் ஆயர்கள் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார்கள்.